மேனேஜரின் கண்ணாடிப் பெட்டி

என் மகள் அழுதுகொண்டே என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நானும் பெரிய மனுஷத்தனமாக அவள் தலையைத் தடவி, "பரவாயில்ல பாப்பா, தெரியாம செஞ்சதுதானே" என்று மன்னித்துவிட்டேன். தப்பைச் செய்தவன் நான். அது தெரிந்தேதான் மன்னித்தேன். இந்த வயதுக்குள் எத்தனையோ பேர் முன்னால் அசடு வழிந்திருக்கிறேன், அதெல்லாம் துடைத்தால் போய்விட்டது. இது போகவில்லை.

நான் குளியலறைக் கண்ணாடி பொருத்துகிறவன். ஷவர் தண்ணீர் வெளியே தெறிக்காமல் இருக்க ஒரு கண்ணாடித் தடுப்பு வைப்பார்களே, அதை அளந்து, வெட்டி, நிறுத்தி, ஓரமெல்லாம் சிலிகான் பசை போட்டுக் கொடுப்பது என் வேலை. பதினாறு வருடமாகச் செய்கிறேன். நான் முடித்த இடத்தில் ஒரு சொட்டு கசிந்தது என்று எவரும் ஃபோன் செய்ததில்லை. இதை நான் ஒரு நாளைக்கு இரண்டு தடவை சொல்கிறேன் என்பது என் மனைவியின் குற்றச்சாட்டு. உண்மையில் மூன்று இருக்கும்.

மகளுக்குப் பதினொரு வயது. ஊரில் மற்ற பிள்ளைகள் நாய்க்குட்டி கேட்கும், பூனைக்குட்டி கேட்கும். என் வீட்டில் பிறந்தது மரத்தவளை கேட்டது. "வீட்டுக்குள்ள தவளையா? என்னை வெளியே அனுப்பிட்டு அதைக் கூட்டிட்டு வா" என்றாள் அவள் அம்மா. மகள் நாலு மாதம் நூலகத்துக்கும் செல்லப்பிராணிக் கடைக்கும் நடையாய் நடந்து, கடைக்காரரைக் கேள்வி கேட்டே களைப்பாக்கி, ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதிக்கொண்டு வந்து அம்மா மடியில் வைத்தாள். முதல் பக்கத்தில் பன்னிரண்டு விதிகள். பெட்டி அகலத்தைவிட உயரமாக இருக்க வேண்டும், மரத்தவளை ஏறுகிற பிராணி. மேலே வலை வேண்டும், காற்று போக. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் போன பிறகே தெளிக்க வேண்டும். சோப்புக் கையால் தொடக் கூடாது. முடிந்தால் தொடவே கூடாது. இப்படிப் போகும். ஏழாவது விதிக்கு அடியில் மட்டும் இரண்டு கோடு: "கண்ணாடியை ஒட்ட மீன்தொட்டி சிலிகான் மட்டும். வேறு எதுவும் கூடாது."

மனைவி நோட்டை முழுக்கப் படித்தாள். "என் ஆபீஸ்ல ஒருத்தனும் இப்படி ஒரு ரிப்போர்ட் எழுதினதில்லை" என்று சொல்லிச் சம்மதித்தாள். பெட்டியைக் கட்டித் தருவது அப்பா என்று முடிவாயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடி என்றால் நான்தானே.

ஒரு சனிக்கிழமை காலை வீட்டுப் பின்பக்கம் கண்ணாடித் துண்டுகளைப் பரப்பினேன். வேலையில் மிச்சமாகும் துண்டுகளை எடுத்து வைப்பது என் பழக்கம். ஐந்து துண்டு நேர்த்தியாக வெட்டினேன், ஓரங்களைத் தேய்த்து மழுக்கினேன், முன்பக்கம் திறக்கிற மாதிரி கதவு வைத்தேன். எல்லாம் சரி. மீன்தொட்டி சிலிகான் மட்டும் என் வண்டியில் இல்லை. அது எனக்கு வேண்டியதே இல்லை, நான் மீனுக்கு வேலை செய்கிறவன் இல்லை. கடைக்குப் போய் வர அரை மணி நேரம் ஆகும்.

வண்டியில் இருந்தது குளியலறைக்குப் போடுகிற சிலிகான். முந்தின நாள் திறந்தது, பாதி டியூப் இருந்தது. திறந்த டியூப் இரண்டு நாளில் வாய் இறுகிப் போகும். கையில் எடுத்துப் பார்த்தேன். பூஞ்சை பிடிக்காத ரகம், அதிலும் நல்ல சரக்கு. நான் யோசித்ததை அப்படியே சொல்கிறேன்: இந்தப் பெட்டியில் நாள் முழுக்க தண்ணீர் தெளிக்கப் போகிறாள், எப்போதும் ஈரம், எப்போதும் வெதுவெதுப்பு. இது என்ன, ஒரு சின்னக் குளியலறை. ஈரம் நிற்கிற மூலையில் சாதாரண சிலிகான் மூன்றே மாதத்தில் கறுத்துப் போகும். பிள்ளைக்கு என்ன தெரியும், புத்தகத்தில் இருந்ததை எழுதியிருக்கிறாள். நான் அதைவிட நல்லதாகப் போடுகிறேன்.

டியூபைப் பசை பீய்ச்சும் துப்பாக்கியில் மாட்டி முதல் மூலையை முடித்திருப்பேன். மகள் எனக்கு டீ எடுத்துக்கொண்டு வந்தாள். கதவருகிலேயே நின்றாள்.

"அப்பா, இது மீன்தொட்டி சிலிகான்தானே?"

"ஆமா."

"டியூப்ல வேற மாதிரி படம் போட்டிருக்கு?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பாப்பா, பதினாறு வருஷமா சிலிகான் போடறேன். எனக்கே பாடம் எடுக்கறியா? எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே சரக்கு. போய் உன் தவளை நோட்டைப் பாரு."

அவள் முகம் சிவந்துவிட்டது. "சாரிப்பா" என்றாள். டீயைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் நோட்டை எடுத்து, ஏழாம் விதிக்கு எதிரே டிக் போட்டாள். எனக்கு ஜன்னல் வழியாகத் தெரிந்தது. ஒரு கணம் உறுத்தியது. அதற்குள் இரண்டாவது மூலை வந்துவிட்டது. அந்த மூலையை விரலால் இழுத்து வழித்த அழகு இருக்கிறதே, அதைப் பார்த்ததும் உறுத்தல் போய்விட்டது.

பசை காய ஒரு வாரம் விட்டாள். பிறகு அடியில் கூழாங்கல், அதன்மேல் வலைத்துணி, அதன்மேல் நனைத்துப் பிழிந்த தேங்காய் நார்த்தூள். மணி பிளான்ட்டை வேர் கழுவி நட்டாள். ஏறுவதற்குக் கொதிநீரில் போட்டெடுத்த கிளை ஒன்றைச் சாய்த்து வைத்தாள். ஒரு மூலையில் தண்ணீர்க் கிண்ணம், பின்சுவரில் ஈரப்பதம் காட்டுகிற மீட்டர். தவளை இல்லாமலே பத்து நாள் தண்ணீர் தெளித்து, காலையும் மாலையும் மீட்டரைப் பார்த்து எழுதினாள். "ஆள் வர்றதுக்கு முன்னாடியே வாடகை வீடு இவ்வளவு சுத்தமா எங்கயும் பார்த்ததில்ல" என்றாள் என் மனைவி.

பிறகு ஆள் வந்தது. பச்சைத் தவளை, உள்ளங்கையில் பாதி. கிளையின் உச்சிக்கு ஏறி, கைகால்களை வயிற்றுக்கடியில் மடக்கி, கண்ணை முக்கால்வாசி மூடி உட்கார்ந்தது. மாலை வரை அசையவில்லை. என் மனைவி கண்ணாடியருகே குனிந்து பார்த்துவிட்டு, "அச்சு அசல் எங்க மேனேஜர். ஃபைல் கொண்டு போனா இப்படித்தான் பார்ப்பார்" என்றாள். அன்றிலிருந்து அதன் பெயர் மேனேஜர். விளக்கு வைக்கிற நேரத்தில் மகள் சில்வண்டுகளைக் கால்சியம் பொடியில் உருட்டி உள்ளே விடுவாள். மேனேஜர் ஒரு கண்ணைத் திறப்பார். அடுத்த கணம் சில்வண்டு இருக்காது. தவளையே வேண்டாம் என்றவள் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியதும் முதலில் அங்கேதான் போவாள்.

ஒன்பதாம் நாள் மேனேஜர் கிளையிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தது. பத்தாம் நாள் சில்வண்டு அதன் முதுகின் மேலேயே நடந்தது, அது பார்க்கவே இல்லை. பச்சை மங்கி அழுக்குப் பழுப்பாகிவிட்டது. பின்கால் ஒன்றை மடக்காமல் நீட்டியபடியே கிடந்தது.

மறுநாள் மதியம் நான் ஒரு வீட்டில் குளியலறைத் தடுப்பு பொருத்திக்கொண்டிருந்தேன். புது டியூபை எடுத்தேன். அதே ரகம். நுனியை வெட்டப் போனவன் எதற்கோ திருப்பி, பின்பக்கத்தைப் படித்தேன். பதினாறு வருடத்தில் முதல் தடவை. சின்ன எழுத்தில் நாலாவது வரி: மீன்தொட்டிகளுக்கும் பிராணிகள் வாழும் கூண்டுகளுக்கும் பயன்படுத்தக் கூடாது. அந்த ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்து, "உடம்பு சரியில்லையா?" என்றார். "ஒண்ணுமில்லம்மா, அளவு பார்க்கறேன்" என்றேன். பொய் என் வாயில் எவ்வளவு தயாராக இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன் என்று எழுத ஆசைதான். நினைக்கவில்லை. பெட்டியை எப்படிச் சத்தமில்லாமல் மாற்றுவது என்றுதான் நினைத்தேன்.

செருப்பைக் கழற்றுவதற்குள் மகள் ஓடி வந்தாள். கண் வீங்கியிருந்தது. என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, நான்தான்பா. மேனேஜருக்கு நான்தான் இப்படிப் பண்ணிட்டேன்."

விம்மலுக்கிடையே கோர்த்து எடுத்தது இதுதான். ஒரு வாரத்துக்கு முன் பள்ளிக்கூடம் விட்டு வந்து சோப்புப் போட்டுக் கை கழுவியிருக்கிறாள். சரியாக அலசாமல் பெட்டிக் கதவைத் திறந்திருக்கிறாள். மேனேஜர் வெளியே தாவிவிட்டது. பயத்தில் கையாலேயே பிடித்து உள்ளே விட்டிருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை.

"விதி எழுதினது நான். நானே மீறிட்டேன். சொல்லவும் இல்ல. திட்டுங்கப்பா."

என் முன்னால் வாசல் திறந்துதான் இருந்தது. "நீ இல்ல, நான்" என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். ஆனால் அவள் அழுதபடி எனக்கு ஒரு வழி காட்டிவிட்டாள், நான் அதில் நுழைந்து தப்பித்துக்கொண்டேன். தலையைத் தடவினேன். தெரியாம செஞ்சதுதானே என்றேன். "இனிமே கவனமா இரு" என்று புத்திமதிகூடச் சொன்னேன். அவள் என் வயிற்றில் முகத்தைப் புதைத்து, "நீங்க ரொம்ப நல்லவர்ப்பா" என்றாள். அன்று இரவு சாப்பிடாமலே எழுந்தேன்.

மறுநாள் காலை மேனேஜரை ஈரத்தாள் விரித்த பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனோம். டாக்டரம்மா கையுறை போட்டு அதைத் திருப்பிப் பார்த்தார்.

"வயித்துத் தோல் எரிஞ்ச மாதிரி இருக்கு. தவளை தோலாலதான் தண்ணி குடிக்கும். தோல்ல பட்டதெல்லாம் உள்ள போயிடும். ஏதோ மருந்து பட்டிருக்கு. வீட்ல கட்டின பெட்டியா?" என்று கேட்டு, என்னைப் பார்த்தார். "என்ன சிலிகான் போட்டீங்க? பூஞ்சைக்கு மருந்து கலந்தது போட்டா இப்படித்தான் ஆகும்."

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "மீன்தொட்டி சிலிகான்தான் டாக்டர். எங்கப்பாவோட தொழிலே அதுதான். அவருக்கு எல்லாம் தெரியும்." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தாள். "நான்தான் சோப்புக் கையால பிடிச்சேன்."

"ஓ. அப்போ அதுவாத்தான் இருக்கும்" என்றார் டாக்டர்.

என் முகத்தில் ஈயாடவில்லை. மேசை மேல் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எப்படியும் வைத்தியம் ஒன்றுதானே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். சுத்தமான தண்ணீரில் குளிப்பாட்டுவது, சுத்தமான டப்பாவில் வைப்பது. அதை அவர்கள் செய்யத்தான் போகிறார்கள். நான் வாய் திறந்து என்ன ஆகப் போகிறது? இப்படியொரு சப்பைக்கட்டு என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜரை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். ஐந்தாம் நாள் சில்வண்டு ஒன்றைப் பிடித்துவிட்டதாக ஃபோன் வந்தது. எனக்கு உயிர் வந்தது. ஞாயிறன்று மகளும் அவள் அம்மாவும் போய் அதே டப்பாவில் கூட்டிவருவதாக ஏற்பாடு. அதற்குள் பெட்டியைப் பிரித்துவிட்டு, 'கதவு சரியா மூடலை, புதுசா கட்டறேன்' என்று சொல்லிக்கொள்ளலாம் என்று திட்டம் போட்டேன். நல்ல திட்டம். ஒருவருக்கும் தெரியாது.

சனிக்கிழமை வேலை முடிந்து வந்தபோது பெட்டி கூடத்து நடுவில் துடைத்து வைத்திருந்தது. செடி, கிளை, கிண்ணம் எல்லாம் அப்படியே இருந்தன. மேலே நோட்டு.

"நாளைக்கு என் ஃபிரெண்டோட அப்பா வந்து எடுத்துட்டுப் போறார்ப்பா" என்றாள் மகள். அழவில்லை. அழுது முடித்த முகம். "மேனேஜரை அவளுக்குக் குடுத்துட்டேன். அவ பொறுமையானவ. என் கை சரியில்ல."

"யாரு சொன்னது கை சரியில்லைன்னு?"

"நானேதான்."

"சரி, தவளையைக் குடு. பெட்டி வேண்டாம். அவங்களுக்கு நான் புதுசு கட்டித் தர்றேன்."

"எதுக்குப்பா? பெட்டிதான் நல்லா இருக்கே. தப்பு பெட்டியில இல்லையே."

நோட்டைப் பிரித்தேன். விதிகளுக்கு முன்னால் ஒரு புதுத் தாளை ஒட்டியிருந்தாள். புதிதாக வளர்க்கப் போகிற பெண்ணுக்கு எழுதியது. "மேனேஜருக்கு உடம்பு சரியில்லாமல் போனதற்குக் காரணம் நான். சோப்புக் கையால் தொட்டேன், யாரிடமும் சொல்லாமல் மறைத்தேன். நீ அப்படிச் செய்யாதே. பெட்டியைப் பற்றிக் கவலைப்படாதே, என் அப்பா கட்டியது." கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு.

இப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அப்போதும் என் புத்தி எங்கே போயிற்று என்றால், பெட்டியைக் கீழே போட்டு உடைத்துவிடலாம் என்று போயிற்று. கை தவறிவிட்டது என்றால் முடிந்தது. பதினாறு வருடத்தில் ஒரு கண்ணாடியும் என் கையிலிருந்து விழுந்ததில்லை, ஒன்று விழுந்தால் என்ன? "இதை வாசப்பக்கம் வைக்கறேன்" என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கினேன். நாலு எட்டு வைத்தேன். வாசற்படியில் கையைத் தளர்த்த வேண்டியதுதான்.

மகள் ஓடி வந்து எதிர்ப்பக்கத்தைப் பிடித்தாள். "பார்த்துப்பா. தனியாத் தூக்காதீங்க. கால்ல விழுந்தா என்ன ஆகறது?" என்றாள். சொல்லிவிட்டு, தன் வெறுங்காலைப் பார்க்காமல் என் காலைப் பார்த்தாள்.

பெட்டியைக் கீழே வைத்தேன். நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவளைப் பார்க்காமல், நான் வழித்த அந்த அழகான மூலையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"இது மீன்தொட்டி சிலிகான் இல்ல பாப்பா. குளியலறைக்குப் போடறது. பூஞ்சை மருந்து கலந்தது."

அவள் குனிந்து அந்த மூலையைப் பார்த்தாள். "நான் கேட்டேனே?"

"கேட்ட. பொய் சொன்னேன்."

"உங்களுக்குத் தெரியாம போட்டுட்டீங்களா?"

பிள்ளை அப்போதும் எனக்கு ஒரு வழி திறந்து வைத்தாள். இந்தத் தடவை நான் நுழையவில்லை. "வேற சிலிகான்னு தெரிஞ்சுதான் போட்டேன். விஷம்னு தெரியாது. டியூப் பின்னாடி படிச்சப்புறம்தான் தெரிஞ்சுது."

"எப்போ படிச்சீங்க?"

"நீ அழுதியே, அன்னிக்கு மதியம்."

அவள் நாள்களை மனதுக்குள் எண்ணுவது எனக்குத் தெரிந்தது. மீட்டர் பார்த்து எழுதுகிற பெண், கணக்குத் தப்பாது.

"அப்போ நான் சாரி சொன்னப்போ உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"டாக்டர்கிட்ட நான் சொன்னப்பவும்."

"ம்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து அம்மாவிடம் போனாள். உள்ளே மெல்லிய குரலில் பேச்சு கேட்டது. என் மனைவி வெளியே வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு வாரமா பிள்ளை தன் கையை எத்தனை தடவை அலசினா, பார்த்தீங்களா? தோல் உரிஞ்சு போச்சு" என்றாள். பார்த்திருந்தேன்.

நான் போய்த் தோழியின் அப்பாவுக்கு ஃபோன் செய்து, பெட்டியில் என் தப்பு இருக்கிறது, தவளை எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொன்னேன். டாக்டருக்கும் சொன்னேன். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார் அவர். அந்தப் பசையைச் சுரண்டி எடுத்தால் போதுமா என்று கேட்டேன். வேண்டாம், கண்ணாடியையே மாற்றுங்கள் என்றார். ஐந்து துண்டையும் பிரித்துப் போட்டேன்.

அடுத்த வாரம் புதுக் கண்ணாடி வெட்டி வைத்துவிட்டு, மீன்தொட்டி சிலிகான் வாங்கி வந்தேன். மகள் வந்து என் எதிரே உட்கார்ந்து கையை நீட்டினாள். டியூபைக் கொடுத்தேன். முன்பக்கம் படித்தாள், திருப்பிப் பின்பக்கம் படித்தாள், அடியில் இருந்த தேதியையும் படித்தாள். அவள் முடிக்கும் வரை துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். "போடுங்க" என்றாள். 'ப்பா' என்று சேர்க்கவில்லை.

மேனேஜர் இப்போது பழையபடி கிளையில் உட்கார்ந்து எங்களைக் கண்டுகொள்ளாமல் இருக்கிறது. டப்பாவிலிருந்து அது புதுப் பெட்டிக்கு மாறிய அன்று மாலை மகள் நோட்டையும் பேனாவையும் என்னிடம் கொண்டுவந்தாள். ஒட்டின அந்தத் தாளைக் கிழித்திருப்பாள் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை.

"நீங்களே திருத்துங்க" என்றாள்.

'காரணம் நான்' என்ற வரியை அடித்துவிட்டு எழுதினேன்: "வேறு சிலிகான் போட்டது அப்பா." அவள் நின்றுகொண்டே இருந்தாள். "கேட்டபோது பொய் சொன்னது அப்பா" என்று அடுத்த வரி எழுதி நோட்டை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"இன்னொண்ணு இருக்கு."

எது என்று நான் கேட்கவில்லை. நோட்டை மறுபடி மடியில் வைத்து எழுதினேன்: "தப்பு செய்யாத மகளை மன்னித்தது அப்பா."

அவள் நோட்டை வாங்கி மூன்று வரியையும் படித்தாள். ஏழாம் விதிக்கு எதிரே இருந்த பழைய டிக்கை அடித்துவிட்டுப் புது டிக் ஒன்று போட்டாள். நோட்டை மூடிக்கொண்டு, சில்வண்டு டப்பாவை எடுக்கப் போனாள்.